வரிவடிவமும் உழைப்பும்: மலையக நோக்கில் ஓர் எழுத்துருக் கருவி

மலையக இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பாடலைப் பற்றியும் கதையைப் பற்றியும் விரிவாகவே பேசியுள்ளன. வாய்மொழிப் பாடல்களின் சமூக அடித்தளம், சிறுகதையின் தோற்றம், தொழிற்சங்க இயக்கத்திற்கும் எழுத்து முயற்சிக்கும் இடையேயான உறவு ஆகியன பலராலும் ஆராயப்பட்டன. ஆயின் அவ்விலக்கியம் எந்த எழுத்தின் வழியாகத் தாளில் இறங்கிற்று, அவ்வெழுத்தின் வடிவத்தை யார் தீர்மானித்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. எழுத்து என்பது ஏற்கெனவே முடிந்து கிடக்கும் பொருள் என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணத்தைக் குலைப்பதற்குச் சிறியதொரு கணினிக் கருவி உதவுகின்றது. ஹெக்ஸ்டிரோ என்பது அதன் பெயர். இலக்கிய ஆய்விதழில் இத்தகைய கருவிக்கு இடம் உண்டா எனச் சிலர் ஐயுறக்கூடும். ஏட்டையும் எழுத்தாணியையும் ஆராயாது சுவடி மரபை விளங்கிக்கொள்ள இயலாது என ஒப்புக்கொள்பவர்கள் இதனையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

நம் இலக்கணிகள் எழுத்தை ஒலிவடிவம், வரிவடிவம் என இருவகைப்படுத்துவர். ஒலியைப் பற்றி அவர்கள் பேசியவை மிகப் பல. வரியைப் பற்றிப் பேசியவை மிகச் சில. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி விதிக்கின்றது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். கூரிய எழுத்தாணி புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். நேர்கோடு இழுத்தால் நார்வழியே கிழியும். வட்டமும் சுழியுமாகத் தமிழெழுத்து உருக்கொண்டதில் ஓலையின் பங்கு கணிசமானது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்தினார். ஈய அச்சு வந்தபோது அச்சுப் பெட்டியின் அறைகளும், தட்டச்சு வந்தபோது விசைகளின் எண்ணிக்கையும் எழுத்தைக் கட்டுப்படுத்தின. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் புலம்பெயர்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளையும் ஒரு தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்கப் பட்ட பாடு இதற்குச் சான்று. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாக்கியது. சுருங்கக் கூறின், வரிவடிவம் தெய்வத்தால் தரப்பட்டதன்று; கருவியும் உழைப்பும் அதிகாரமும் கூடி ஆக்கியது.

இனிக் கருவிக்கு வருவோம். கணினித் திரையில் எழுத்தைக் காட்டுவதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, எழுத்தின் புறக்கோட்டைக் கணிதச் சமன்பாடுகளாக வைத்திருந்து வேண்டிய அளவுக்குப் பெருக்கிக் காட்டுவது. இன்றைய கைத்தொலைபேசிகளில் நாம் காணும் எழுத்து அவ்வகையினது. மற்றது பழையது. ஒரு கட்டச் சதுரத்தில் எந்தக் கட்டம் கருமை, எந்தக் கட்டம் வெறுமை என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைப்பது. இதனைப் பிட்மேப் எழுத்துரு என்பர். உரோமன் சிபோரா என்பவர் 1998இல் தொடங்கி, பின்னர் போல் ஹார்டியும் பிறரும் வளர்த்த யூனிஃபொன்ட் இவ்வகையின் மிகப் பெரிய தொகுதி. உலகின் எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே கட்டச் சட்டத்துக்குள் கொணர முயல்வது அது. ஓரெழுத்துக்கு 16 நிரை. நிரல் 8 அல்லது 16. அகன்ற எழுத்தொன்றுக்கு 256 கட்டங்கள். நான்கு கட்டங்களை ஒரு பதினறும இலக்கமாகச் சுருக்குவதால், அவ்வெழுத்து முழுவதும் 64 இலக்கங்கள் கொண்ட ஒற்றை வரியாகிவிடுகின்றது. வரியின் தலைப்பில் எழுத்தின் குறியெண், அதனையடுத்து முக்காற்புள்ளி, அப்பால் அந்த 64 இலக்கங்கள். எழுத்துருக் கோப்பு என்பது இத்தகைய வரிகளின் அடுக்கே.

அந்த இலக்கங்களைப் பார்த்து எழுத்தை அடையாளங்காண மனிதக் கண்ணால் ஆகாது. ஹெக்ஸ்டிரோ இங்கேதான் தொழிற்படுகின்றது. பேர்ல் மொழியில் எழுதப்பட்ட மிகச் சிறிய நிரல் அது. கட்டளைவரியில் அதனை ஏவினால், வரியாக இருந்ததைப் படமாக விரிக்கும். வெற்றுக் கட்டத்துக்கு ஒரு சிறுகோடு, நிறைந்த கட்டத்துக்கு ஒரு ஹாஷ் குறி. இவ்வாறு பதினாறு வரிசைகள். ககரமோ ணகரமோ எழுதுபவர் கண்முன் வெறும் தட்டச்சுக் குறிகளால் ஆன சித்திரமாக நிற்கும். எந்தச் சாதாரணப் பனுவல் தொகுப்பியிலும் அதனைத் திறந்து, கோட்டை அழித்து ஹாஷ் இடலாம். ஹாஷை அழித்துக் கோடு இடலாம். பின் அதே கருவியை மறுபடி ஏவினால் சித்திரம் மீண்டும் இலக்க வரியாகி எழுத்துருவுக்குள் சென்றமரும். விலைகொடுத்து வாங்கும் வடிவமைப்பு மென்பொருளோ விசேட வரைபலகையோ வேண்டியதில்லை. உரிமமும் கட்டற்றது, எவரும் திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம்.

லய வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்ணின் கைத்திறனோடு இதனை ஒப்பிட்டு மகிழ்வது எளிது. அவ்வொப்பீடு பொய்யன்று, புள்ளிகளின் வரிசையை மனத்தில் கொண்டு வடிவத்தை எழுப்பும் அறிவு இரண்டுக்கும் பொது. ஆனால் அத்துடன் நின்றுவிடுவது அழகியல் மயக்கமாகவே முடியும். கோலத்தை அடுத்த நாள் காலை அவளே அழிக்கின்றாள், அவளே வேறொன்றை இடுகின்றாள். அவளது பெயரை எழுதும் எழுத்து ஒருபோதும் அவள் கையில் இருந்ததில்லை. நமது ஆய்வுக்குரிய முரண்பாடு இதுவே.

பெருந்தோட்டத்தில் தமிழ் எந்த வரிவடிவில் ஆட்சி செலுத்திற்று என்பதை நோக்குவோம். தோட்டத் துரைமார் தமிழ் கற்பதற்கென நூல்கள் எழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஃபேர்குசன் வெளியிட்ட சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ்க் கைநூலின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். துரை கற்கவேண்டிய தமிழ் உரோம எழுத்தின்வழியே தரப்பட்டது. அது பெரிதும் ஏவல் வினைகளால் ஆன தமிழ். வா, போ, வெட்டு, கொண்டுவா என்பனவற்றைச் சொல்லத் தெரிந்தால் போதும்; மறுமொழியைப் படிக்கத் தெரியவேண்டிய அவசியம் துரைக்கு இல்லை. தமிழின் முதல் அச்சு நூலாகக் கருதப்படும் 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நூலும் தமிழை உரோம எழுத்திலேயே அச்சிட்டது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அது மதம் மாற்றும் நோக்கிற்று; இது வேலை வாங்கும் நோக்கிற்று. இரண்டிலும் தமிழ் பேசுபவன் கேட்பவனாகவே வைக்கப்பட்டான், வாசிப்பவனாக வைக்கப்படவில்லை.

கட்டளைவரி என்ற கணினிச் சொல்லை மலையகத்தில் நின்று கேட்கும்போது அது வேறு பொருளும் தருகின்றது. லயம் என நாம் வழங்கும் சொல்லே வரி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். மனிதர்களை வரியாக நிறுத்தியும் வரியாகக் குடியமர்த்தியும் கட்டளையிட்ட ஓர் அமைப்பில், காலைப் பெரட்டுக்களத்தில் வாசிக்கப்பட்ட செக்ரோல் முதன்மையான பனுவல் ஆயிற்று. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர் தோட்டத்துக் கிளாக்கர். மலையகப் பேச்சில் ‘பேர்’ என்ற சொல் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தையும் குறிக்கும். முழுநாள் வேலை ஏற்கப்பட்டால் பேர், குறைந்தால் அரைப்பேர். பெயர் எழுதப்படுதலும் கூலி கிடைத்தலும் ஒரே சொல்லாகிப்போன மொழிச்சூழல் இது. உற்பத்தி உறவு மொழியின் சொற்பொருளுக்குள் புகுந்து நிற்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

அதே எழுத்து விலங்காகவும் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவருக்கு அவனை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக்கொடுத்த துண்டு ஒரு சிறு காகிதமே. அக்காகிதத்தோடு மனிதனும் கைமாறினான். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எழுத்தறியாதவனின் வாழ்வு முழுவதும் பிறரெழுதிய காகிதத்தில் தொங்கிற்று என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் இந்நிலை நாடளாவிய பரிமாணம் பெற்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், மணமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தமையை நிறுவவேண்டியிருந்தது. நிறுவுதற்கு எழுத்து வேண்டும். 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ள விட்டது. எஞ்சியோர்க்கான சட்டம் 2003இலேயே வந்தது.

இங்கே வரிவடிவம் வெறும் அழகுப் பொருளன்று என்பது புலனாகும். உரோம எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகின்றன. ந, ன, ண மூன்றும் ஒன்றாகின்றன. வள்ளி என்னும் பெயர் செக்ரோலில் உரோம எழுத்தாகி, அங்கிருந்து இன்னொரு பதிவேட்டில் தமிழாகத் திரும்பும்போது வல்லி ஆகலாம். தாயின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒன்றாகவும் மகனின் பத்திரத்தில் வேறாகவும் நிற்கும்போது, அலுவலக மேசைக்கு அப்பால் இருப்பவர் கேட்கும் வினாவுக்கு ஒலிநூல் விளக்கம் சொல்லி எவரும் தப்ப முடியாது. பதினாறு நிரல் கட்டத்தில் லகரத்தை ளகரத்திலிருந்து பிரிப்பவை சில கருங்கட்டங்களே. ணகரத்தின் சுழிகளை ஒன்றோடொன்று ஒட்டாது காட்டுவதற்குச் சுழிகளிடையே ஒரு வெற்றுக் கட்டமாவது வேண்டும். எட்டு நிரலில் அது அடங்காது. உரோம எழுத்துக்கு எட்டு நிரல் போதும். தமிழுக்குப் போதாது என்பதை ஹெக்ஸ்டிரோவின் சித்திரம் பார்த்தவுடன் காட்டிவிடும். இலக்கணத்தில் நுண்மை என்று நாம் கற்பிப்பது இங்கே இடம், அகலம், செலவு எனப் பொருள்வடிவம் பெறுகின்றது.

மலையகத்தார் தம் எழுத்தைத் தாமே அச்சேற்ற முயன்ற வரலாறும் உண்டு. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யில் கும்மி என்னும் மக்கள் வடிவம் தோட்ட நிர்வாகத்தின் குரலுக்குப் பயன்பட்டது. வடிவம் மக்களுடையதாக இருந்தமையால் மட்டும் உள்ளடக்கம் மக்களுடையதாகிவிடாது என்பதற்கு அது நல்ல பாடம். கோ. நடேசய்யரோடு நிலைமை மாறுகின்றது. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடிய பாடல்கள் 1940இல் சிறுநூலாக வந்தன. வெளியார் தோட்டத்துள் புகுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், ஈய எழுத்தில் பதிந்த மலிவுத்தாள் ஆளுக்கு முன்னே லயத்துக்குள் நுழைந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் பாட, ஏனையோர் கேட்டனர். வரிவடிவம் மறுபடி ஒலிவடிவமாயிற்று. நடேசய்யரின் அச்செழுத்தை அக்காலத்து வார்ப்புத் தொழிலாளி வார்த்தான், கோத்தவனும் தொழிலாளியே. நம் இலக்கிய வரலாறுகள் அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றி எழுதும்போதும், தோட்டத்து வாழ்வை முதலில் ஆங்கிலத்தில் எழுதிய அவரே மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தமிழில் தொகுத்து 1983இல் அச்சிட்டார் என்பதன் முழுப்பொருளை நாம் ஆராய்ந்தோம் இல்லை. உரோம எழுத்திலிருந்து தமிழெழுத்துக்கு அவர் வந்த பாதை ஒரு தனிமனிதரின் மொழித்தெரிவு மட்டுமன்று.

கணினி வந்தபின் நிலைமை சீராகிவிட்டதெனக் கொள்வதற்கில்லை. இலங்கைத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திரையில் தெரிவது தமிழ். கோப்பினுள் இருப்பதோ உரோம எழுத்துகளின் குறியெண்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அடியில் கிடக்கும் உரோமக் குவியல் வெளிப்படும். வெல்ஸின் நூலில் வெளிப்படையாக நின்ற உறவு பாமினியில் மறைந்து நின்றது என்றால் அது மிகையாகாது. சிறு அச்சகக்காரர் அதனையே பயன்படுத்தியது அவர் குற்றமன்று, கைக்கெட்டியது அதுவே. யூனிக்கோட் 1991இலேயே தமிழுக்குத் தனியிடம் தந்திருந்தும், இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 வெளிவந்தது 2008இலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட பல ஆவணங்கள் இன்று மாற்றிகளின் தயவில் உயிர்வாழ்கின்றன.

இந்தப் பின்னணியிலேயே ஹெக்ஸ்டிரோவின் முக்கியத்துவத்தை நாம் மதிப்பிடுகின்றோம். பெருநிறுவனங்கள் தரும் எழுத்துருக்கள் இன்று தமிழை நன்றாகவே காட்டுகின்றன. அதனை மறுப்பது வீண்வாதம். ஆனால் அவை முடிந்த பண்டங்களாக வருகின்றன. அவற்றில் உறைந்திருக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஹெக்ஸ்டிரோ விரித்துக்காட்டும் எழுத்திலோ அவ்வுழைப்பு எண்ணக்கூடியதாக உள்ளது: இத்தனை கட்டம், இவை கருமை, இவை வெறுமை, யாரோ ஒருவர் முடிவு செய்தது. முடிவு செய்தது என்று தெரிந்தவுடனேயே வேறுவிதமாகவும் முடிவு செய்யலாம் என்ற உணர்வு பிறக்கின்றது. மார்க்ஸ் பண்டத்தின் மாயை பற்றிக் கூறியதை வகுப்பறையில் விளக்குவதற்கு இதனினும் சிக்கனமான பொருள் கிடைப்பது அரிது.

இன்னொரு பயனும் உண்டு. மா, காணி முதலிய பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகள் 2019இல் யூனிக்கோட்டில் சேர்க்கப்பட்டன. குறியெண் கிடைத்துவிட்டால் எழுத்து கிடைத்துவிட்டதாகாது. யாராவது அதனை வரையவேண்டும். சந்தை இல்லாத எழுத்தை வரைய நிறுவனத்துக்குக் காரணம் குறைவு. பதினாறுக்குப் பதினாறு கட்டமும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் ஒரு மாணவன் அதனை வரைந்துவிடலாம்.

எனினும் கருவியைப் போற்றுவதுடன் நின்றுவிட்டால் நாம் விமரிசகர் அல்லர். ஹெக்ஸ்டிரோவின் கட்டளைகளும் கையேடும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ தோட்டத்துப் பாடசாலையில் படித்த பிள்ளை தமிழெழுத்தொன்றைத் திருத்துவதற்கு முன் ஆங்கிலத்தைக் கடக்கவேண்டும். அதற்கும் முன் ஒரு கணினியை அடையவேண்டும். உற்பத்திக் கருவி எவருக்கும் பொது என்று உரிமப் பத்திரம் கூறுவதால் மட்டும் அது எவர் கைக்கும் வந்துவிடாது. சட்டத்தின் சமத்துவத்துக்கும் வாழ்நிலையின் சமத்துவத்துக்கும் உள்ள இடைவெளியை மலையகத்தார்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அதனினும் ஆழமான தடை அமைப்புக்குள்ளேயே இருக்கின்றது. ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டச் சதுரம் என்பதே யூனிஃபொன்டின் அடிப்படை. உரோம எழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் உயிர்மெய் அவ்வாறு இயங்குவதில்லை. கெ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே வரவேண்டும்; கொ என்பதில் முன்னும் பின்னும் வரவேண்டும். குறியெண் வரிசையிலோ உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னேயே நிற்கும். இடம் மாற்றிக் கோக்கும் வேலையைச் செய்ய வேறொரு அடுக்கு வேண்டும். எளிய கட்டளைவரித் திரையில் அவ்வடுக்கு பெரும்பாலும் இல்லை. உகர ஊகாரங்கள் இன்னும் கடினமானவை. கு, சு, டு, மு, பு, து ஆகியவற்றை நோக்கினால் உகரம் எங்கும் ஒரே அடையாளமாக நிற்பதில்லை என்பது தெரியும். ஒவ்வொரு மெய்யின் உடலோடும் வெவ்வேறாக இணைகின்றது. யூனிஃபொன்டில் உகரத்துக்கு ஒரே ஒரு கட்டச் சதுரம் உண்டு. ஹெக்ஸ்டிரோவினால் அச்சதுரத்தினுள் எதையும் மாற்றலாம். சதுரத்தின் வேலியை மாற்ற முடியாது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிக்கோட்டுடன் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் வேண்டும் என்னும் இக்கோரிக்கையின் விளைவே. உலகக் கணினிகள் அதனைப் பின்பற்றவில்லை.

உகரச் சிக்கல் பொதுத் தமிழ்ச் சிக்கல் என்று கூறி விட்டுவிடலாம்தான். ஆனால் தோட்டத்துப் பழைய பெயர்களைச் சொல்லிப்பாருங்கள்: முத்தம்மா, கருப்பையா, சுப்பாயி, முனியாண்டி, ராமு, குப்பம்மா. உகரம் இல்லாத பெயரைத் தேடத்தான் வேண்டியிருக்கின்றது. இப்பெயர்களை யூனிஃபொன்ட் ஏற்றிய எளிய திரையில் இட்டால் மகரமும் உகரக் குறியும், ககரமும் உகரக் குறியும் பிரிந்து நிற்கும். படிப்பவர் பழக்கத்தால் கூட்டிப் படித்துவிடுவார். மு என்னும் வடிவத்துக்கு ஒரு குறியெண் ஒதுக்கப்படும்வரை, அல்லது கட்டச் சதுரங்களைத் தமிழுக்கேற்ப இணைக்கும் அடுக்கொன்றை நம்மவர் எழுதும்வரை, முத்தம்மாவின் முதலெழுத்தை ஹெக்ஸ்டிரோவில் திறந்து திருத்த இயலாது. திறப்பதற்கு அப்படியொரு வரி அந்தக் கோப்பில் இல்லை.